அரைத் தலைக்கட்டு

தாராவி, மும்பை
8.6.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

விஜயலட்சுமி எழுதுகிறேன். நானும் ஷாலினியும் சுகமாக இருக்கிறோம். மைனிக்கு முழங்கால் வலி தேவலையா, நீங்கள் சுகர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா என்று எழுதுங்கள். இங்கே மழை முந்திக்கொண்டது. பை தைக்கிற கார்கானாவில் நான்கு மிஷினையும் பலகைமேல் ஏற்றி வைத்துத்தான் ஓட்டுகிறோம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நிறுத்த முடியாது.

சங்கத்து நோட்டீஸ் வந்தது. அகில இந்திய மேலப்பனங்குளத்தார் சங்கத்துக்கு இந்த வருஷம் நேரடித் தேர்தல், தேர்தல் அதிகாரி பிரம்மநாயகம் என்று உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை. இத்தனை வருஷமும் ஏழு கிளைச் செயலாளர்கள் ஊரில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, டீ குடித்து, தலைவர் இன்னார் என்று சொல்லிவிட்டு வருவார்கள். நானூறு குடும்பம் இருக்கிற தாராவிக்கும் ஒரு குரல், ஒன்பது குடும்பம் இருக்கிற சூரத்துக்கும் ஒரு குரல். இனிமேல் நம் ஊர்க்காரர் எந்த மூலையில் இருந்தாலும் அவர் ஓட்டும் எண்ணப்படும் என்று போட்டிருந்தது.

ஆனால் கூட வந்த படிவத்தில் என் பெயருக்கு எதிரே ‘அரை’ என்று இருக்கிறது. ஆண் உள்ள குடும்பம் ஒரு தலைக்கட்டு, முழு வரி. விதவை அரைத் தலைக்கட்டு, அரை வரி என்பது ஊர் வழக்கம்தான். அவர் தவறிய பிறகு இந்த ஆறு வருஷமாக நானும் அதைச் சலுகை என்றே நினைத்திருந்தேன். ஓட்டு எப்படி அண்ணே அரையாகும்?

இதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தையில் ஷாலினி கல்யாணம். தாணே மாப்பிள்ளை வீட்டார் சங்கத்துச் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். அதில் முழுத் தலைக்கட்டுதான் கையெழுத்துப் போடலாமாம். பெற்று வளர்த்தது நான். கையெழுத்துப் போடுவது என் கொழுந்தன் ஆறுமுகநயினார். ஓட்டில் நான் ஒன்று என்றாகிவிட்டால் கடிதத்திலும் ஒன்றுதானே?

போனில் கேட்டதற்கு ‘தேர்தல் விஷயம் எழுத்துலதான்’ என்று வைத்துவிட்டீர்கள். சரி, எழுதிவிட்டேன். ஷாலினிக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் மனசுவிட்டுப் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
விஜயா


மேலப்பனங்குளம்
21.6.2025

அன்புத் தங்கை விஜயலட்சுமிக்கு,

பிரம்மநாயகம் ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சௌக்கியம். மீனாட்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்ப்பதாகச் சொல்கிறாள், தேய்ப்பதில்லை.

போனில் பேசாததற்குக் கோபப்படாதே. கூட்டுறவு சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் செயலாளராக இருந்தவன் நான். நாம் பேசியதை எவனாவது ரிக்கார்டு பண்ணி ‘அதிகாரி தங்கச்சிக்குச் சலுகை’ என்று வாட்ஸப்பில் விட்டால் என் பேர் என்ன ஆகும்?

உன் கேள்விக்குப் பதில்: கமிட்டித் தீர்மானம் எண் ஆறு, வரிக்குத் தக்க ஓட்டு. முழு வரிக்கு வெள்ளைச் சீட்டு, ஒரு ஓட்டு. அரை வரிக்கு ரோஸ் சீட்டு, அரை ஓட்டு. தீர்மானம் எழுதியது என் கைதான், ஆனால் முடிவு எல்லாருடையதும். முதன்முதலாக நடக்கும் தேர்தல். எனக்கே பாதி விளங்கவில்லை. பெங்களூர் கிளையிலிருந்து, ‘நான் ஊரிலும் வரி கட்டுகிறேன், இங்கேயும் கட்டுகிறேன், எனக்கு ரெண்டு ஓட்டா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

சம்மதக் கடிதத்துக்கு ஆறுமுகநயினார் போடட்டுமே. யார் போட்டால் என்ன, பிள்ளை நல்லபடியாக வாழ வேண்டும்.

ஆசியுடன்
பிரம்மநாயகம்


தாராவி
2.7.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் மழையில் நனைந்து வந்தது. அடுப்புப் பக்கம் காயவைத்து வாசித்தேன். வாசித்த பிறகு மனசுதான் காயவில்லை.

யார் போட்டால் என்ன என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மகன் கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? என் ரேஷன் கார்டைப் பாருங்கள், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயர்தான். புது வீடு தருகிறோம் என்று சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள், முழு நம்பர்தான் எழுதினார்கள். போன நவம்பரில் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டேன். விதவை அமுக்கினாள் என்று மிஷின் பாதிச் சத்தமா போட்டது? மகாராஷ்டிர சர்க்காருக்கு நான் ஒன்று, மேலப்பனங்குளத்துக்கு மட்டும் அரை!

நேற்று கொழுந்தன் வந்திருந்தார். தலைவர் பதவிக்கு நிற்கிறாரே, ஓட்டுக் கேட்க. பையிலிருந்து ஷாலினிக்கு மிக்சர் பொட்டலம் எடுத்து வைத்தார்.

‘மைனி, எனக்குத்தான போடுவிய?’

‘போடுதேன் தம்பி. நீங்க ஜெயிச்சா விதவைக்கு முழுத் தலைக்கட்டு உண்டா?’

‘அது வழக்கம்லா மைனி. நானா வச்சேன்? அதுல கைய வச்சா ஊர்ல ஒரு ஓட்டு விழாது. ஒங்களுக்கு என்ன கொற? கையெழுத்துப் போட நான் இருக்கேம்லா.’

அந்த மனுஷனைக் குறை சொல்ல என் நாக்கு எழவில்லை. அவர் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் கீழே துண்டு விரித்துப் படுத்தவர். எதிரே நிற்கிறவர் ஊரில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் பேச்சிராஜா. அவரை நான் பார்த்தது கூடக் கிடையாது. ஆனால் ‘அரையெல்லாம் இனி ஒன்று, எங்கேயும் அவர்களே கையெழுத்துப் போடலாம்’ என்று அவர்தான் போனில் பேசி அனுப்பியிருக்கிறார். ஓட்டுக்காகச் சொல்கிறாரோ, நிஜமாகச் சொல்கிறாரோ. எனக்கு மண்டை காய்கிறது. நல்லவருக்குப் போடவா, நல்லது சொல்கிறவருக்குப் போடவா?

பதில் எழுதுங்கள்.

விஜயா


மேலப்பனங்குளம்
20.7.2025

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் மிஷினைத் தொடும்போது காலுக்குச் செருப்பு போட்டுக்கொள்.

தேர்தல் அதிகாரி என்ற முறையில், யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அண்ணன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கல்யாணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கொழுந்தனைப் பகைத்துக்கொள்ளாதே. நாளைக்கு நல்லது கெட்டது என்றால் ஓடி வருகிறவர் அவர். சிமெண்ட் கடைக்காரன் வரமாட்டான். நீயும் அவருக்குத்தான் போடுவாய் என்று எனக்குத் தெரியும். வாசித்ததும் இந்தப் பத்தியைக் கிழித்துவிடு.

மற்றபடி இங்கே ஓட்டர் பட்டியல் சரிபார்க்கும் வேலை இடுப்பை முறிக்கிறது.

பிரம்மநாயகம்


தாராவி
10.8.2025

அண்ணனுக்கு,

இன்று ஓட்டு முடிந்தது. ஊரிலும் நல்லபடியாக முடிந்திருக்கும். சாப்பிட்டீர்களா, இல்லை பெட்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று வெறும் வயிற்றோடு இருந்தீர்களா?

தொண்ணூறடி ரோட்டு ஹாலில் திருவிழாக் கூட்டம். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஹிந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டு சேர் எடுத்துப் போட்டார்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சீட்டு. எங்கள் பத்தொன்பது பேருக்கும் ரோஸ் சீட்டு. வரிசையில் நிற்கும்போதே யார் விதவை என்று வேற்று ஆளுக்கும் தெரிந்துவிட்டது. புதிதாகப் புருஷனை இழந்த பிள்ளை ஒருத்தி, இருபத்தாறு வயதுதான் இருக்கும், சீட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். என் சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

போட்டுவிட்டேன். கொழுந்தன் வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

விஜயா


மேலப்பனங்குளம்
30.8.2025

தங்கை விஜயலட்சுமிக்கு,

நலம். கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் முறைப்படி எழுதுகிறேன்.

ஏழு பெட்டியும் வந்து சேர்ந்து, 24ஆம் தேதி காலை எண்ண ஆரம்பித்தோம். கிளை கிளையாக எண்ணினபோது பேச்சிராஜா நான்கு கிளையில் முந்தினார், ஆறுமுகநயினார் மூன்றில். பேச்சிராஜா ஆட்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். ‘யோவ், இது பழைய கணக்கு, இப்ப மொத்தமா கூட்டணும்’ என்று நான் கத்த வேண்டியதாயிற்று. கூட்டினோம். ஒருவர் கூட்டினால் ஒரு தொகை, இன்னொருவர் கூட்டினால் வேறு தொகை. ரோஸ் சீட்டை ஒருவர் முழுசாகவே எண்ணியிருக்கிறார். மூன்று தடவை திரும்ப எண்ணினோம். முடிவு:

ஆறுமுகநயினார் 611½
பேச்சிராஜா 611

அரை ஓட்டில் ஆறுமுகநயினார் ஜெயித்தார். அகில இந்தியாவிலும் ஆயிரத்து இருநூறு சில்லறை ஓட்டு, முடிவு செய்தது ஒரு ரோஸ் சீட்டு. கையெழுத்துப் போட்டு அறிவித்துவிட்டேன். உன் கொழுந்தன் தலைவர். இனி ஷாலினி கல்யாணத்துக்கு என்ன குறை?

பிரம்மநாயகம்
தேர்தல் அதிகாரி


தாராவி
14.9.2025

அண்ணனுக்கு,

சுகம். கொழுந்தனுக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன். கிண்டலாகத்தான் கேட்டேன், ‘தம்பி, ஒரு அரைத் தலைக்கட்டுதான ஒங்களத் தலைவராக்கிருக்கு?’ என்று. சிரித்தார். சம்மதக் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். ‘அதெல்லாம் நான் போட்டுருதேன் மைனி, டென்ஷன் ஆகாதிய’ என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒன்று உங்களிடம் மறைக்கக்கூடாது. நான் பேச்சிராஜாவுக்குத்தான் போட்டேன். போட்ட நாளிலிருந்து கொழுந்தன் வாங்கிக் கொடுத்த மிக்சரைக்கூட என்னால் தொட முடியவில்லை. ஆனால் மறுபடி ஓட்டு வைத்தாலும் அப்படித்தான் போடுவேன்.

இப்போது ஒரு சந்தேகம். ஓட்டுப் போட்டவர்கள் பட்டியலை அச்சடித்துக் கிளைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தாராவி, வரிசை எண் 288, விஜயலட்சுமி, அரை, ‘பதிவானது’. சரி. அதே புத்தகத்தில் மேலப்பனங்குளம், வரிசை எண் 64, விஜயலட்சுமி, கணவர் பெயரும் அதேதான், அரை, ‘பதிவானது’. நான் அன்றைக்குத் தாராவியில் நின்றேன். ஊரில் நின்றது யார்?

விஜயா


மேலப்பனங்குளம்
25.9.2025

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. தேங்காய் விலை ஏறியிருக்கிறது, நம் மரங்களில்தான் காய் இல்லை. மீனாட்சி ஒருவழியாக டாக்டரிடம் போனாள். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஷாலினிக்குப் பட்டு எங்கே எடுக்கப் போகிறீர்கள்? மாட்டுங்காவில் நல்லதாகக் கிடைக்கும் என்கிறார்கள்.

அவசரத்தில் அச்சடித்த பட்டியல். பிழைகள் இருக்கலாம்.

பிரம்மநாயகம்


தாராவி
3.10.2025

அண்ணே,

அச்சுப் பிழை கையெழுத்துப் போடுமா? 64ஆம் எண் சீட்டின், கையெழுத்து வாங்குகிற அடிக்கட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து வாங்கிப் பார்த்தேன். ‘விஜயலட்சுமி’ என்று போட்டிருக்கிற ‘ஜ’வைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் ஒன்றாம் வகுப்புப் போகும்போது சிலேட்டில் எழுதிக்கொடுத்த கை அது.

ஏன் செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மைனியின் ஸ்கேன் என்ன ஆயிற்று என்பதையும் எழுதுங்கள்.

விஜயா


மேலப்பனங்குளம்
16.11.2025

விஜயா,

ஆறு வாரம் ஆயிற்று. பேனாவை எடுப்பேன், வைப்பேன். மைனிக்கு ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை.

உன் வீட்டுக்காரர் தவறிய வருஷம் நீ ஊருக்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். என் வீட்டு எண்ணுக்குக் கீழே உன் பெயரை அரையாக எழுதிவைத்தேன். நீ வரவில்லை. தாராவியிலும் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் இங்கே அடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பேனாவைக் கொண்டுபோவேன், கை வராது. அடித்துவிட்டால் இங்கே உனக்கு ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்போல இருந்தது. ஓட்டர் பட்டியல் சரிபார்த்த அன்றும் அடிக்கவில்லை.

ஓட்டு நாளில் உன் பெயரை வாசித்தார்கள். ‘அவ பம்பாய்ல இருக்கா’ என்று சொல்லியிருக்க வேண்டும். சீட்டை நீட்டினார்கள், வாங்கிவிட்டேன். நீ கொழுந்தனுக்குத்தான் போடுவாய் என்று உறுதியாக நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்து அவருக்குப் போட்டேன். அரை ஓட்டுதானே என்றும் நினைத்தேன். அந்த அரைதான் அவரை ஜெயிக்கவைத்தது என்று எண்ணும்போது தெரிந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முப்பத்தொரு வருஷப் பெயர் என் வாயை அடைத்துவிட்டது. உன் ஓட்டை நானே உனக்கு எதிராகப் போட்டிருக்கிறேன் என்பது உன் செப்டம்பர் கடிதத்தில்தான் தெரிந்தது.

போன ஞாயிறு பொதுக்குழு கூடினது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ‘நான் களவாணி’ என்றே சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை விஜயா, அதுதான் தாங்க முடியவில்லை. நான் போட்ட அரையைத் தள்ளினார்கள். 611க்கு 611. சமமாக வந்தால் தேர்தல் அதிகாரி முடிவு ஓட்டுப் போட வேண்டும் என்று விதி. அதிகாரியே களவாணி. ராஜினாமாவை நீட்டிவிட்டேன்.

பிறகு இரண்டு மணி நேரம் ஒரே கூச்சல். கிளைக் கணக்குக்கே போவோம் என்றார்கள் சிலர். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார்கள் சிலர். மறுபடி நாடு முழுக்க ஓட்டு வைக்கச் சங்கத்தால் முடியாது. யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அப்போது உன் மைனி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ‘யாரு ஓட்டு களவு போச்சோ அவகிட்டயே கேளுங்க. இதுக்குப் போயி எதுக்குக் கெடந்து கத்துதிய?’ என்றாள்.

அரைத் தலைக்கட்டு முடிவு ஓட்டுப் போடலாமா என்று அதற்கும் ஒரு சண்டை. ‘சமத்த ஒடைக்க அரையே போதும்வே’ என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆறுமுகநயினாரும் பேச்சிராஜாவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

படிவம் இதனுடன் இருக்கிறது. ஒரு பெயர் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. யார் பெயரை வேண்டுமானாலும் எழுது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அண்ணன்


தாராவி
30.11.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். கோபத்திலும் அழுதேன், ஆறு வருஷமாக அடிக்காமல் வைத்திருந்தீர்களே என்றும் அழுதேன். எது எந்த அழுகை என்று எனக்கே தெரியவில்லை. ஷாலினி பயந்துபோய், ‘க்யா ஹுவா மா, மாமாவுக்கு என்னாச்சி?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமா நல்லாத்தான் இருக்காவ என்று சொன்னேன்.

அந்த 64ஆம் எண்ணை அடித்துவிடுங்கள் அண்ணே. உங்கள் வீட்டில் எனக்கு இடம் உண்டு என்று தெரிய எனக்குப் பட்டியல் வேண்டாம்.

உங்கள் படிவம் வந்த பிறகு என் கதவைத் தட்டாதவர்கள் கிடையாது. காட்கோபரிலிருந்து ஒரு கூட்டம், தாணேயிலிருந்து ஒரு கூட்டம். கொழுந்தன் வந்து தலைகுனிந்து உட்கார்ந்தார். ‘மைனி, எனக்குப் போடாட்டாலும் கோவமில்ல, கல்யாணத்துக்கு மொத ஆளா நிப்பேன்’ என்றார். அந்த நிமிஷம் அவருக்கே எழுதிவிடலாமா என்றிருந்தது. சாயங்காலம் பேச்சிராஜா போன் பண்ணினார். ‘ஜெயிச்சதும் மொதத் தீர்மானம் ஒங்களுக்குத்தாம்மா’ என்றார். ஜெயித்ததும்! எல்லாரும் ஜெயித்ததும்தான் என்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாட்டுச் சங்கமே என் ஒரு பெயருக்குக் காத்திருக்கிறது. அப்போதும் என்னை அரை என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

அதனால் படிவத்தில் பெயர் எழுதவில்லை. வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் இப்போது அதிகாரி இல்லை, அண்ணன்தான். அண்ணனாகப் போய்ப் பொதுக்குழுவில் சொல்லுங்கள். என்னோடு சேர்த்து அரை என்று எழுதிய ஐம்பத்தாறு பேருக்கும், அதில் ஒருத்தியான அந்த இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கும், அரையை அடித்து ஒன்று என்று எழுதட்டும். ஆறுமுகநயினாரும் பேச்சிராஜாவும் அதன் கீழே கையெழுத்துப் போடட்டும். அப்படித் திருத்திய பக்கமும் இந்தப் படிவமும் என் கைக்கு வந்த அன்றே தலைவர் பெயரை எழுதி அனுப்புகிறேன்.

தை பிறக்க ஒன்றரை மாசம் இருக்கிறது. ஷாலினியின் சம்மதக் கடிதத்தை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதற்கு நம்பர் போட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அகில இந்தியாவும் தலைவர் இல்லாமல் இருக்கட்டும்.

மைனியைக் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
விஜயலட்சுமி
ஒரு தலைக்கட்டு, தாராவி